காய்க்கு இனிஷியல்

வெள்ளைக்கரட்டுத் தெருவில் பாகலுக்கும் புடலைக்கும் பிறந்த காயை முதலில் பார்த்தவர் கேபிள் ஒயர் இழுக்க வந்தவர்தான். ஏணி மேல் நின்றபடி அவர், "யக்கா, இந்தப் பாவக்கா ஏன் இம்புட்டு நீளத்துக்குத் தொங்குது, ஒயர்ல இடிக்குமே" என்று கேட்க, கீழே துணி அலசிக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்து, "அது பாவக்கா இல்லண்ணே, பொடலங்கா" என்றாள். பக்கத்தில் வாளியோடு நின்ற அமராவதி, "பொடலங்காயில முள்ளு ஏதுடி, அது பாவக்காதான்" என்றாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அது இரண்டும்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். கேபிள்காரர் ஒயரை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் முன்பு ஒரு மண்சுவர் இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் அது விழுந்தபோது திரும்பக் கட்ட இரண்டு பெண்களுக்கும் மனசு வரவில்லை. சுவர் இருந்த இடத்தில் மூங்கில் நட்டு, கம்பி இழுத்து, ஒரே பந்தலாகப் போட்டுக்கொண்டார்கள். வேலுத்தாய் தன் பக்கம் பாகல் விதையை ஊன்றினாள், அமராவதி தன் பக்கம் புடலை விதையை ஊன்றினாள், கொடிகள் மேலே ஏறிப் பின்னிக்கொண்ட பிறகு எது யாருடையது என்று பார்த்துக் காய் பறித்தவர் யாருமில்லை. நம்ம பந்தல் என்றுதான் இருவரும் சொல்வார்கள். நம்ம பந்தல், நம்ம அடிகுழாய், நம்ம மலரு. மலரு என்பது வேலுத்தாயின் மகள் மலர்க்கொடி, பிளஸ் டூ படிக்கிறாள். அமராவதிக்குப் பிள்ளை கிடையாது. அதனால் நம்ம மலரு என்று அவள் சொன்னது சும்மா வாய்ப்பேச்சு இல்லை, அந்தப் பெண்ணுக்குத் தலை வாரி விட்டதும் காய்ச்சலுக்குப் பத்துப் போட்டதும் பாதி நாள் சோறு போட்டதும் அவள்தான்.

பாகலும் புடலையும் சேராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேர்வது இருக்கட்டும், அவை பார்த்துக்கொள்வதே அபூர்வம். புடலம்பூ பொழுது சாய்ந்த பிறகுதான் வெள்ளை நூல்களைப் பிரித்துக்கொண்டு விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பாகற்பூ விடிகிற நேரத்தில்தான் மஞ்சளாகக் கண் திறக்கும். ஒன்று வேலை முடிந்து கிளம்பும்போது மற்றது வேலைக்கு வரும். வேலுத்தாயும் அவள் புருசன் காசிமாயனும் நூல் மில்லில் இப்படித்தான் இருந்தார்கள்: அவன் நைட் ஷிப்ட், இவள் காலை ஷிப்ட், ஆள் மாறுகிற நேரத்தில் மில் கேட்டில் அவன் வாங்கிய டீயை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போவான், அந்தக் கேட்டிலேயே பழகி, கல்யாணம் கட்டி, மலர் பிறந்து, அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே அவன் கோயமுத்தூர்ப் பக்கம் இன்னொரு மில்லின் கேட்டைத் தேடிப் போய்விட்டான். ஆகவே பந்தலில் இது எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் வேலுத்தாய், "ஷிப்ட் மாறுற நேரத்துலதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். தெருவுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

மலரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் அப்பா பெயரைக் கேட்டார். வேலுத்தாய் வாய் திறக்க முடியாமல் நின்றாள். கூடப் போயிருந்த அமராவதிதான் அவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "சொமந்தவ இங்க நிக்கிறா, பெத்தவ இங்க நிக்கிறா, நீங்க ஓடிப்போனவன் பேரக் கேக்குறீகளே சார், இவ பேரு முதலெழுத்த முன்னால போட்டா பிள்ளைக்குப் படிப்பு ஏறாதா?" என்று கேட்டாள். அன்று முதல் அந்தப் பெண் வே. மலர்க்கொடி. வேலுத்தாய் அந்தத் தட்டின் சத்தத்தை இத்தனை வருசமும் காதிலேயே வைத்திருந்தாள், அமராவதி சொல்லி அவள் செய்யாத காரியம் ஒன்றும் கிடையாது.

கேபிள்காரர் போன மறுநாளே அமராவதி ஒரு கல்லை நூலில் கோத்து அதன் நுனியில் கட்டினாள். புடலங்காய் சுருளாமல் நேராக நீள்வதற்குக் கல் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். "பாவக்காய்க்கு எவளாச்சும் கல்லுக் கட்டுவாளாக்கா?" என்று வேலுத்தாய் சிரித்தாள். "இருக்கட்டும்டி, ஒசரமா வரட்டும்" என்றாள் அமராவதி. காய் உசரமாகத்தான் வந்தது. உடம்பெல்லாம் பாகலின் முள்ளும் கரும்பச்சையும், நெடுக்கப் புடலையின் வெள்ளை வரியும், ஆள் உசரத்தைத் தாண்டி நீண்டு, கல் தரையில் உட்கார்ந்த பிறகுதான் நின்றது. முழுக் காயையும் பறித்தால் இரண்டு வீட்டுக்கும் மிஞ்சி வீணாகும் என்று வேலுத்தாய் நுனியில் ஒரு துண்டை மட்டும் நறுக்கிக் குழம்பு வைத்தாள். மறுநாள் பார்த்தால் நறுக்கிய இடத்திலிருந்து காய் திரும்ப வளர்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று அமராவதி நறுக்கினாள், அதற்கு மறுநாளும் காய் முழுசாக இருந்தது.

ருசியைச் சொல்ல வேண்டும். நாக்கில் வைத்ததும் கசப்பு வரும், ஆனால் வந்தவர்கள் வாசலிலேயே நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புகிற மாதிரி உடனே போய்விடும். போன பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல் ஒரு தித்திப்பு தொண்டைவரை நிற்கும். அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்த கவளத்தை மெதுவாக எடுத்தார்கள். வேலுத்தாய் ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்குக் கொடுத்தாள், எதிர் வீடு அடுத்த வீட்டுக்குச் சொன்னது, பிறகு தெரு முழுக்கக் கத்தியோடு பந்தலுக்கு வந்தது.

தெரு அந்தக் காயை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வியப்பு வரவில்லை, முறைகள்தான் வந்தன. வீட்டுக்கு ஒரு சாண் என்று வைத்தார்கள். யார் சாண் என்று சண்டை வந்தது. ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் பெரிய கை உள்ளவரை அனுப்பியது, பெரிய கை இல்லாத வீடுகள் லாரி ஓட்டும் இருளாண்டியைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவர் கையால் அளந்துகொண்டன, அந்த மனிதர் அந்த மாதத்தில் குடித்த அளவு டீயை அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை காயில் கத்தி படக்கூடாது என்று ஒரு பேச்சு எழுந்து வழக்கமாகிவிட்டது. தெவசத்துக்கு இதைச் சமைக்கலாமா என்று கேள்வி வந்தபோது, முட்டைக்கோசும் பீன்சும் போல இது இங்கிலீஷ் காய் இல்லை, அப்பனும் ஆத்தாளும் நாட்டுக்காய்தான், இலையில் தாராளமாக வைக்கலாம் என்று முடிவாயிற்று. சுகர் உள்ளவர்கள் சாறு பிழிந்து குடித்தார்கள், சுகர் இல்லாதவர்கள் பஜ்ஜி போட்டார்கள். பேர் வைக்கவும் பார்த்தார்கள். பாபுடல் என்றார் ஒருவர், புடப்பாகல் என்றார் இன்னொருவர், இரண்டும் வாயில் ஒட்டாமல் கடைசியில் 'அந்தக் காய்' என்பதே நிலைத்தது.

விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார்கூட வந்து பார்த்தார். அவர் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூசணியும் பூசணியும் கலக்கும், வெள்ளரியும் வெள்ளரியும் கலக்கும், பாகலும் புடலையும் கலக்கவே கலக்காது, இரண்டும் வேறு வேறு வம்சம் என்று விளக்கினார். "அப்படியே கலந்தாலும், தகப்பனோட சேர்மானம் உள்ள இருக்கிற வெதையிலதான் இருக்கும். அத நட்டு மொளைக்க வச்சாத்தான் தெரியும். இந்த வருசக் காயோட சதை முழுக்கத் தாயோடதும்மா, தாய்க்கொடி என்னவோ அதுதான் காய்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் இரண்டு தட்டுப் பொரியல் சாப்பிட்டார். வேலுத்தாய்க்கு அந்தப் பேச்சில் வம்சம் எல்லாம் புரியவில்லை, சதை முழுக்கத் தாயுடையது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது, அன்று முழுக்க அவள் ஒரு மாதிரி சந்தோசமாக இருந்தாள். காய் தொங்கியது பாகற்கொடியில், பாகலின் வேர் இருந்தது அவள் பக்கத்தில்.

இப்படியே போயிருந்தால் எனக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேலையில்லை. பங்குனிப் பொங்கல் வந்தது. காளியம்மனுக்கு முதல் படையலாக அந்தக் காயைத்தான் வைக்க வேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானித்தது. நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட் கொடுத்தால் டியூப்லைட் மேலேயே கொடுத்தவர் பேரை எழுதுகிறவர்கள் நாம், லைட்டைவிடப் பேர் பெரிசாக இருக்கும். படையலுக்கு உபயம் யார் என்று மைக்கில் சொல்லாமல் எப்படி விட முடியும்? கமிட்டித் தலைவர் கம்பவுண்டர் திரவியம், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சீட்டு எழுதிக் கொடுப்பது போலவே பேசுவார். அவர் கோயில் வாசலில் மேசை போட்டுத் தெருவைக் கூட்டி, "ஒரு படையலுக்கு ஒரு வீட்டுப் பேருதான் சொல்ல முடியும். இந்தக் காய் எந்த வீட்டுப் பிள்ளைன்னு இன்னைக்கு முடிவு பண்ணிருவோம்" என்றார்.

வேலுத்தாய் சிரித்துக்கொண்டேதான் எழுந்து நின்றாள். "இதுல முடிவு பண்ண என்னண்ணே இருக்கு? கொடி என் வேர்ல நிக்கிது. காயோட சதை முழுக்கத் தாயோடதுன்னு அந்தக் காலேஜு சாரே சொல்லிட்டுப் போனாருல்ல."

"அவரு இப்படி ஒரு காயே இருக்க முடியாதுன்னுல்ல சொல்லிட்டுப் போனாரு" என்றார் திரவியம். "இல்லாத காயப் பத்தி அவரு சொன்னத இருக்கிற காய்க்கு எப்படித்தா எடுத்துக்கிறது?"

இது நியாயமாகப் பட்டதால் கூட்டம் தலையாட்டியது. அவர் மேலே கேட்டார்: "பிள்ளைன்னு வந்துட்டா இனிஷியல்னு ஒண்ணு வேணும். இனிஷியல் அப்பன் பேர்ல வரும். ஆண்பூ எந்தக் கொடி? பொடலை. அப்பக் காய்க்கு இனிஷியல் என்ன? சொல்லுங்க."

"பூனா" என்றது கூட்டம், புடலையின் முதலெழுத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்வது போல.

வேலுத்தாய்க்கு அப்போதும் பயம் வரவில்லை. ஒரு காய்க்கு இனிஷியல் கேட்கிற கூத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை; சரி, இப்போது அக்கா எழுந்திருப்பாள், இந்தக் கம்பவுண்டரின் மேசையிலும் ஒரு தட்டு தட்டுவாள் என்று அமராவதியைத் திரும்பிப் பார்த்தாள். அமராவதி எழுந்தாள். அவள் புருசன் சன்னாசி, வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதர், அன்று அவளுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நீயே சொல்லும்மா என்றார் திரவியம்.

"ஆண்பூ எங்களுது" என்றாள் அமராவதி. "பந்தல்ல பாதி எங்களுது. காய்க்குக் கல்லுக் கட்டுனது யாருன்னு அவளையே கேளுங்க, பாவக்காயின்னு நெனச்சா கட்டுவாகளா? எங்க பொடலையோட வாரிசுன்னுதான் கட்டுனேன்."

மற்றவர்கள் ஆண்பூவையும் கல்லையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, வேலுத்தாய் வேறொன்றில் மாட்டிக்கொண்டாள். 'எங்க' என்ற சொல்லை அமராவதி வாயிலிருந்து அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. நம்ம என்று சொன்னால் எதிரில் நிற்பவளும் உள்ளே இருக்கிறாள், எங்க என்றால் வெளியே நிற்கிறாள்; வேறெந்த விளக்கமும் இல்லாமல் ஒரே சொல்லை மாற்றி ஒருத்தியை வெளியே நிறுத்திவிடலாம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "யக்கா, எந்திரிச்சு நின்னு நீ பேசுறதா இது?" என்று கேட்டாள். "அப்ப மலருக்கு? அன்னைக்கு ஸ்கூல்ல நீதான..."

அமராவதி மலரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அது அன்னைக்கு உனக்காகச் சொன்னது. பிள்ளைன்னா அப்பன் பேருதான, ஊரு ஒலகத்துல எப்படியோ அப்படித்தான்" என்றாள்.

மலர் அங்கேதான் பெண்கள் பக்கத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். தோழிகள் அவளைப் பார்த்தார்கள், அவள் தன் தாவணி நுனியைப் பார்த்தாள். பெற்ற வயிறு எரிவது என்பார்களே, வேலுத்தாய்க்கு அது எரிந்தது, ஆனால் எரிந்ததைவிட அதிகமாக நம்ப முடியாமல் இருந்தது. கூட்டம் கை தட்டிக் கலைந்தது. பாதிப் பேர் வேலுத்தாயிடம் வந்து, "மனசுல வச்சுக்கிறாத, பேருதான அங்க போகுது, காய் எல்லாருக்கும்தான" என்று ஆறுதல் சொன்னார்கள், அவர்கள் அதை உண்மையாகவே நல்ல மனசோடு சொன்னார்கள்.

மறுநாள் சன்னாசி பந்தலுக்கு நடுவில் ஒரு கம்பி கட்டினார். காய் தொங்கிய கொடியை ஒடியாமல் நகர்த்திக் காயைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விட்டுக் கட்டினார். சாண் அளப்பவர்கள் இனி அமராவதி வீட்டு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றாயிற்று. வேர் இருந்த இடம் மட்டும் நகரவில்லை, அதை நகர்த்த முடியாது. அமராவதி கம்பி ஓரத்தில் வந்து நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி, "வேலு, வேரு ஒம் பக்கந்தான கெடக்கு. தண்ணி மட்டும் வழக்கம் போல ஊத்திக்க. நீ ஊத்துனாத்தான் அதுக்கும் பிடிக்கும்" என்றாள்.

வேலுத்தாய் கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "ஏன்கா இப்படிச் செஞ்ச?"

"ஒனக்கு மலரு இருக்கா" என்றாள் அமராவதி. "எனக்கு என்னடி இருக்கு? இந்த வீட்டுல பொறந்ததுன்னு சொல்லிக்க இந்த மனுசனுக்கும் எனக்கும் என்ன இருக்கு? இந்தக் காய் தொங்க ஆரம்பிச்ச பெறகுதான் அவரு என் மூஞ்சியப் பாத்துப் பேசுறாரு, அது தெரியுமா ஒனக்கு?"

"கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா? நீ கேட்டு நான் எத இல்லைன்னேன்?"

"குடுத்திருப்ப. கேட்டு வாங்குனா அது நீ குடுத்ததாத்தான இருக்கும். மலரையும் அப்படித்தான் குடுத்த, தல வாரி விட, சோறு போட. எனக்குக் குடுத்தது வேணாம், எனக்குன்னு ஒண்ணு வேணும்" என்றாள் அமராவதி.

பொய் ஒன்றுமில்லை அதில். அதனாலேயே வேலுத்தாய்க்கு அவளைத் திட்டவும் முடியவில்லை. ஒரு பேராசைக்காரி தன்னை ஏமாற்றியிருந்தால் காறித் துப்பிவிட்டுத் தூங்கியிருப்பாள், தன் அழுகையெல்லாம் கேட்டவள், தன் குடும்பத்தின் அத்தனை ஓட்டையும் தெரிந்தவள், அதே ஓட்டையில் கைவிட்டு எடுத்ததை எங்கே போய்ச் சொல்வது? அன்றும் அவள் தண்ணீர் ஊற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஊற்றினாள். ஊற்றும்போது தெரு அவளைப் பார்த்து, வேலுத்தாய் நல்லவ, பெரிய மனசுக்காரி என்று பேசிக்கொண்டு, அமராவதி வீட்டு வாசலில் வரிசையில் நின்றது.

பொங்கலன்று காலை மைக் செட் கட்டினார்கள். வேலுத்தாய் குடத்தோடு வேரடியில் குனிந்த நேரத்தில் திரவியத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "அம்மனின் முதல் படையல், அந்தக் காய், உபயம், சன்னாசி அமராவதி இல்லம். சன்னாசி அமராவதி அவர்களின் வாரிசு." அதை அவர் மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை கொட்டு முழக்கினார்கள். வேலுத்தாய் குடத்துத் தண்ணீரை வாசலில் கொட்டினாள், உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்து வந்தாள், பாகலின் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்தாள், சல்லி வேர்கூட மிஞ்சாமல் முழு வேரையும் பிடுங்கி, கோயிலிலிருந்து திரும்பி வருகிற எல்லோரும் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி நடுத்தெருவில் கொண்டுவந்து போட்டாள். பிறகு தன் வாசற்படியில் உட்கார்ந்தாள். "எல்லாரும் பாருங்க. யாரு தாயின்னு அது வாடும்போது தெரியும்" என்றாள்.

தெரு பதறியது. திரவியம் தலையில் கை வைத்தார். இருளாண்டி பிடுங்கிய வேரைத் தூக்கிக்கொண்டு திரும்ப நட ஓடினார், வேலுத்தாய் பார்த்த பார்வையில் அங்கேயே போட்டுவிட்டார். அமராவதி பேயடித்தவளாகக் காய்க்கு அடியில் நின்றாள், அவளுக்கு வாய் ஓயவில்லை, அய்யோ அய்யோ என்று அதன் முள்ளையெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏறப் பாகல் இலைகள் சுருண்டன, மாலைக்குள் தொய்ந்தன, மறுநாள் கருகின, அதற்கு அடுத்த நாள் கொடி முழுக்கக் காய்ந்த சணலாகப் பந்தலில் கிடந்தது. வேலுத்தாய் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. மலர் கொண்டுவந்து வைத்த சோறு அப்படியே இருந்தது. அவள் அந்தக் காய் வாட வேண்டும் என்று வேண்டினாள், அது வாடுவதைப் பார்க்க முடியாமல் முகத்தையும் திருப்பிக்கொண்டாள், இரண்டையும் ஒரே மனசால் செய்தாள்.

காய் வாடவில்லை. காய்ந்த சணலில், வேர் இல்லாமல், இலை இல்லாமல், பச்சைப்பசேலென்று தொங்கியது. யாரோ தயங்கித் தயங்கி ஒரு சாண் நறுக்கிப் பார்த்தார்கள், மறுநாள் காலையில் அது கீழே கல்லோடு தரையில் நின்றது, முன்பைவிடக் கொஞ்சம் தடித்தும் இருந்தது. "அப்பன் ரத்தம்" என்றார் திரவியம். தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. வேர் இல்லாத காய் என்பதில் யாருக்கும் தகராறு இருக்கவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் கத்தி படக்கூடாது.

இதைத்தான் வேலுத்தாயால் தாங்க முடியவில்லை. புருசன் போனபோது தாங்கினாள், அமராவதி சொன்னதையும் பல்லைக் கடித்துத் தாங்கினாள். அப்போதெல்லாம், யார் என்ன பேர் வைத்தாலும் வேர் என் பக்கம்தானே என்று உள்ளே ஒரு பிடிமானம் இருந்தது. அந்த வேர் தேவையே இல்லை என்று அந்தக் காய் எல்லோருக்கும் தெரிய நிரூபித்துக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் படுத்திருந்த மலரைக்கூட அவள் சந்தேகத்தோடு பார்த்தாள், நான் இல்லாவிட்டாலும் நீ இப்படியேதான் வளர்ந்திருப்பாயா என்று. அந்தப் பெண் பாவம், பரீட்சைக்குப் படித்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, வரிசை நீளமாக நிற்கும் நாள், வேலுத்தாய் தலை சீவி, வேறு சேலை கட்டி, தெருவில் இறங்கி அமராவதி வீட்டு வாசல் வழியாக வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கம்பி கட்டிய நாளிலிருந்து வேலுத்தாய் அந்தக் காயைத் தொட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் காய்க்கு நேராக வந்து, "எனக்கும் ஒரு துண்டு குடு" என்றாள்.

அமராவதி கத்தியை எடுத்தாள். "ஒனக்கில்லாததாடி" என்றாள். சாணுக்கு மேலேயே நறுக்கினாள். வேலுத்தாய் அதைச் சமைக்க வாங்கவில்லை. அங்கேயே நின்று, கழுவாமல்கூட, பச்சையாகக் கடித்தாள்.

கூட்டம் அவள் வாயையே பார்த்தது. அவர்கள் எல்லோருக்குள்ளும் ஒரு எண்ணம் இருந்தது, வெளியே சொல்லாத எண்ணம்: வயிறெரிந்தவள் வாயில் பட்டால் அந்தக் காய் தன்னைக் காட்டிவிடும். வேலுத்தாயும் அதற்காகத்தான் வந்திருந்தாள். ஒரே ஒரு துளி கசப்பு கூடியிருந்தால் போதும், வேர் போன வலி அதற்குள் கொஞ்சமாவது இருந்தால் போதும், அவள் அமராவதியை மன்னித்திருப்பாள், தெருவை மன்னித்திருப்பாள், திரும்ப ஒரு விதையை ஊன்றியிருப்பாள். அவள் மெல்ல மென்றாள். கசப்பு வந்தது, எப்போதும் வருகிற அளவே வந்தது, வாசலோடு போய்விட்டது. தித்திப்பு நாக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. இதற்கு முன் தின்ற எந்தத் துண்டும் இத்தனை நன்றாக இருந்ததில்லை.

"எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள் அமராவதி. அவளும் பயந்துபோய்த்தான் கேட்டாள்.

வேலுத்தாய் மென்றதைத் தரையில் துப்பினாள்.

"கசக்குது" என்றாள். "வெசமாக் கசக்குது."

பிறகு திரவியம் தன் கையில் இருந்த துண்டை முகர்ந்து பார்த்து, ஓரத்தில் ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்தார். "கசக்கத்தான் செய்யிது" என்றார். இருளாண்டி, "நேத்தே எனக்கு லேசாத் தட்டுச்சு, சொன்னா யாரும் நம்ப மாட்டீகன்னு சும்மா இருந்தேன்" என்றார். வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் கடித்தார்கள், ஒவ்வொருவருக்கும் கசந்தது, பொய்க்கு இல்லை, உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வரக் கசந்தது. ஒருத்தி அடிகுழாய்க்கு ஓடி வாய் கொப்பளித்தாள். துண்டுகளைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கத்திகளைத் துடைத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட அமராவதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னாசி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அமராவதி மட்டும் காயிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே வேலுத்தாயைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"நல்லாத்தானடி இருக்கு, வேலு" என்றாள், மற்ற யாருக்கும் கேட்காத குரலில். "ஏன்டி அப்படிச் சொன்ன? அது என்னடி பண்ணுச்சு?"

வேலுத்தாய் திரும்பினாள். வந்த வழியே தெருவில் இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தாள். மலர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடி வந்து, "வாயைக் கொப்பளிம்மா" என்றாள். அவள் சொம்பை வாங்கித் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய், சுவர் ஓரமாக உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நாக்கில் மிச்சமிருந்த அந்த ருசி முழுக்கக் கரையும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்.